மெத்தைக்காரத் தெருவில் பிரெஞ்சுப் புழுதி

“உங்க வண்டி ஓடவே ஓடாது, ஆனா அது கிளப்புற புழுதி மட்டும் தெருவைத் தாண்டி வந்து எங்க வீட்டு ரசத்துல விழும், இது எந்த ஊர் நியாயம்னு கேக்குறேன்” என்று எதிர்வீட்டு மங்கையர்க்கரசி கேட்டாள். இதே சொற்களில்தான் கேட்டாள். முதலில் ஒதீலிடம் கேட்டாள், அவள் பதில் சொல்லுமுன் ஒதீல் வீட்டு இரும்புக் கேட்டிடம் கேட்டாள், பிறகு வழியே போன தயிர்க்காரரை நிறுத்தி வைத்துக்கொண்டு அவரிடமும் கேட்டாள்.

“ரசத்தை மூடி வைக்கிறது. மூடி இல்லேன்னா சொல்லு, எங்கிட்ட நாலஞ்சு சும்மா கிடக்கு” என்றாள் ஒதீல். புதுச்சேரி கான்வென்ட்டில் முதுகு வளையாமல் நிற்கப் பழகியவள் அவள். எதிராளி குரலை ஏற்ற ஏற்ற இவள் தன் குரலை இறக்கிக்கொண்டே போய்க் கடைசியில் ஊசி குத்துகிற மாதிரி ஒன்று சொல்வாள்.

“மூடி எங்க வீட்லயும் இருக்கு மதாம். உங்க வீட்லதான் மூடவும் தெரியல, வெக்கப்படவும் தெரியல.”

ஊசியை எடுக்க வாயைத் திறந்த ஒதீல் தும்மிவிட்டாள். அவள் இமையெல்லாம் புழுதி. இப்படித்தான் அன்றைய சண்டையில் மங்கையர்க்கரசி ஜெயித்தாள்.

அந்த வண்டி ஒதீலின் கணவர் கஸ்தோன் வீட்டுச் சொத்து. நீல வண்ணம், கட்டை ஆரக்கால் வைத்த சக்கரங்கள், சைக்கிளுக்குப் போடுவதைப் போல ஆனால் முழங்கை தடிமனுக்கு ஒரு சங்கிலி, கதவும் கூரையும் இல்லாத இரண்டே இருக்கைகள். கார்களுக்குப் பந்தயம் விடலாம் என்று ஐரோப்பாவில் முதன்முதலாக யாருக்கோ தோன்றிய காலத்து வண்டி அது. கஸ்தோனின் கொள்ளுத்தாத்தா சவரிநாதர் பாரீசுக்குப் போய் வெர்த்தியாக் சகோதரர்களின் பட்டறையில் சேர்ந்தவர். அந்தச் சகோதரர்கள் குடைக்கம்பி செய்துகொண்டிருந்தவர்கள். அந்நாளில் கார் செய்யக் கிளம்பியவர்கள் எல்லோருமே அதற்கு முந்தின வருஷம் வரை தையல் மெஷினோ சைக்கிளோ காப்பிக்கொட்டை அரைக்கும் மெஷினோ செய்துகொண்டிருந்தவர்கள்தான் என்றும், பந்தயத்தில் எவன் வண்டி முந்துகிறதோ அவன் பட்டறை வாசலில்தான் மறுநாள் பணக்காரன் வந்து நிற்பான் என்றும், அதனால் அண்ணன் வண்டி செய்யத் தம்பி ஓட்ட, ஒரு நகரத்தில் கிளம்பி இன்னொரு நகரம் வரை மாட்டுவண்டி போகிற சாலையில் உயிரைக் கொடுத்து ஓட்டினார்கள் என்றும், முன்னால் போகிற வண்டியின் புழுதியில் சாலையே தெரியாமல் இருபுறத்து மர உச்சிகளை அண்ணாந்து பார்த்தே வழி கண்டுபிடித்தார்கள் என்றும், பந்தய தினத்தின் நினைவாக ஜூன் மாதத்தில் வீட்டார் எடுக்கிற வண்டித் திருநாளன்று கஸ்தோன் வருஷம் தவறாமல் கேட்டருகே நின்று தெருவுக்கே சொல்வார். எடை குறைய வேண்டும் என்று பெடலிலும் கைப்பிடியிலும் துளை துளையாய்ப் போட்டிருந்ததைக் காட்டுவார். ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து எண்ணெய் பம்பை அடித்துக்கொண்டும் பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்துச் சொல்லிக்கொண்டும் போகிற வேலைக்குச் சவரிநாதரை அவருடைய துணிச்சலுக்காகவே பொறுக்கி எடுத்தார்கள் என்பார். ஒல்லியான ஆளாக இருந்ததற்காக எடுத்திருப்பார்கள் என்று ஒதீலுக்குத் தோன்றும். சொல்ல மாட்டாள். கல்யாணம் ஆன புதிதில் சொல்லிப் பார்த்து, ஒரு வாரம் கஸ்தோன் பேசாமல் இருந்ததில் கற்றுக்கொண்ட அடக்கம்.

எல்லாவற்றிலும் பெரிய விஷயம் காயம். வண்டியின் முன்பக்கம், இடது ஓரத்தில், பித்தளை விளிம்பு உள்வாங்கி இருக்கும் இடத்துக்குத்தான் அந்தப் பெயர். வெள்ளை நிற ஜெர்மன் வண்டியொன்று இடித்ததாகவும் சவரிநாதர் சிரித்தபடி அதற்குத் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னதாகவும், பந்தயம் முடிந்ததும் சகோதரர்கள் வண்டியையே அவருக்குப் பரிசாகக் கொடுத்ததாகவும் கதை. திருநாளன்று காயத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவார்கள். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள், புதுப் பைக் வாங்கினவர்கள், கல்யாணப் பெண்கள் என்று தெருவில் எல்லோரும், வேதக்காரர் இந்து துலுக்கர் என்று பார்க்காமல், வரிசையில் வந்து ஆட்காட்டி விரலால் அந்த எண்ணெயைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள்வார்கள். மங்கையர்க்கரசியின் மகன் பாஸ்போர்ட் எடுக்கப் போனபோதுகூடத் தொட்டுவிட்டுத்தான் போனான். காயத்தைத் துடைத்துப் பளபளவென்று வைப்பது வாழ வந்த மருமகளின் வேலை. கல்யாணம் முடிந்த மறுநாளிலிருந்து ஒதீல் அதைத் துடைத்து வந்தாள்.

சரி, புழுதி. ஒரு திங்கட்கிழமை, ஊர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரத்தில், கொட்டகையில் நின்றிருந்த வண்டியின் அடியிலிருந்து, கெட்டித் துணியில் தையல் மெஷின் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் எழுந்து, பின்னாலேயே புழுதி கிளம்பியது. வண்டி அசையவில்லை. அதன் பெட்ரோல் தொட்டியில் பல்லிகள் குடித்தனம் செய்து பல தலைமுறை ஆகியிருந்தது. புழுதி மட்டும் சக்கரங்களின் பின்னாலிருந்து எழும்பி, கொட்டகையை நிறைத்து, கேட்டைத் தாண்டி, தெருவை முழுக்க மூடி, ஒரு செபமாலை சொல்லி முடிக்கிற நேரம் நின்று, பிறகு இறங்கியது. நம் ஊர்ச் செம்மண் அல்ல. அரிசிமாவு போல வெள்ளை. அறுத்த கோதுமைத் தாளும் குதிரைச் சாணமும் காய்ந்த எண்ணெயும் கலந்த வாசனை. மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும்.

புழுதி எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. எப்போது வரும், எவ்வளவு நேரம் நிற்கும், துணியை எப்போது எடுக்க வேண்டும் என்றே கேட்டார்கள். நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து, நிற்கிற வண்டிக்குப் புகை சர்டிபிகேட் கேட்கச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்லி, ஒரு மோர் குடித்துவிட்டுப் போனார். வடாம் போடுகிறவர்கள் காலையிலேயே போட்டு எடுத்தார்கள். அந்தப் புழுதியைப் போட்டுத் தேய்த்தால் புளியைவிடப் பளிச்சென்று பித்தளை துலங்குவதைக் கண்டுபிடித்தது மங்கையர்க்கரசிதான். அதன் பிறகு ரசத்தைப் பற்றி அவள் பேசவில்லை. சட்டைக் காலரின் எண்ணெய்ப் பிசுக்கைப் புழுதி உறிஞ்சிவிடுகிறது என்று இஸ்திரிக்காரர் சொன்னார். குழந்தைகளுக்கு வேர்க்குருவில் தடவினார்கள், கேட்டது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற கடைசி வீட்டு சொல்தா அதை முகர்ந்து பார்த்து, தான் காவல் நின்ற ஊரின் சாலை இதேதான் என்று அழுதுவிட்டு, டிபன் பாக்ஸில் கொஞ்சம் வாங்கிப் போனார். மத்தியான நேரத்தில் தெருவுக்குள் வருகிற ஆட்டோக்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தன, ஓட்டுகிறவர்கள் தென்னை மர உச்சியைப் பார்த்துத் தெருவைக் கண்டுபிடிக்கப் பழகிக்கொண்டார்கள்.

புழுதி படியாத இடம் ஒன்று இருப்பதையும் மங்கையர்க்கரசிதான் முதலில் பார்த்தாள். வண்டிக்கு முன்னால், இடது சக்கரத்தை ஒட்டி, சிவப்புத் தரை கழுவி விட்டது போல இருந்தது. சுற்றிலும் வெள்ளை, நடுவில் சிவப்பு. தலை, தோள், தூக்கிய ஒரு கை.

“குழந்தை!” என்றாள் மங்கையர்க்கரசி, கன்னத்தில் போட்டுக்கொண்டு. “மதாம், உங்க வீட்ல குழந்தை வந்து படுத்திருக்கு!”

குழந்தை இயேசு என்றார்கள் கோயிலுக்குப் போகிறவர்கள். மாவில் கால் பதித்து வருகிறவன் வேறு யார் என்றார்கள் மற்றவர்கள். எந்தக் குழந்தையாக இருந்தால் என்ன, குழந்தை குழந்தைதானே என்று சொல்லிப் பேரீச்சம்பழம் கொண்டுவந்து வைத்தார் மூலைக்கடை பாத்திமுத்து. மெழுகுவத்தி வந்தது, கிலுகிலுப்பை வந்தது, மரத்தொட்டில்கள் கொட்டகைக் கம்பியில் தொங்கின. பிள்ளை இல்லாதவர்கள் வில்லியனூரிலிருந்தும் பாகூரிலிருந்தும் வந்து புழுதியில் உட்கார்ந்து வெள்ளையாக எழுந்து போனார்கள். மங்கையர்க்கரசியின் மருமகள் சுகந்தி, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து களைத்தவள், தினமும் அந்த இடத்தின் ஓரமாக வந்து உட்கார்ந்தாள். அடுத்த வருஷம் பெண் குழந்தை பிறந்தது. வண்டித் திருநாளன்று அந்தக் குழந்தையை அந்த இடத்தில் கிடத்திப் பெயர் வைப்பதென்று தெரு முழுக்கப் பேச்சாயிற்று. கஸ்தோன் புது வேட்டி எடுத்தார். தெருவில் போகும்போது அவர் தலை இரண்டங்குலம் மேலே இருந்தது.

கும்பிடுகிறவர்கள் எட்ட நின்று கும்பிட்டார்கள். கிட்டப் போய்க் கூட்டுகிறவள் ஒதீல் ஒருத்திதான். திருநாளுக்கு இரண்டு நாள் இருக்கையில், தொட்டில்களையும் திரிகளையும் ஒதுக்கிவிட்டு, இடுப்பு வலிக்கிறதே என்று முனகிக்கொண்டு, குனிந்து அந்த ஓரத்தைத் துடைப்பத்தால் சீராக்கியபோதுதான் அவள் அதை முழுசாகப் பார்த்தாள். கைக்குழந்தை இல்லை அது. பள்ளிக்கூடம் போகிற வயசு. இடுப்புக்குக் கீழே அகலமாக விரிந்திருந்தது கவுனின் விளிம்பு. தலைக்குப் பக்கத்தில் சின்னதாக நீட்டிக்கொண்டிருந்தது முடியில் கட்டின ரிப்பன். தூக்கிய கை ஆசீர்வாதம் செய்யவில்லை, முகத்தை மறைத்திருந்தது. ஒரு கால் முழுசாகத் தெரிந்தது. இன்னொரு காலின் பாதி, மாலை சுற்றிப் பொட்டு வைத்திருந்த சக்கரத்துக்கு அடியில் போயிருந்தது.

ஒதீல் எழுந்து நின்றாள். காயம் இருந்த உயரத்தில் கையை வைத்தாள். அதே உயரத்தில் கையைத் தன் உடம்புக்குக் கொண்டுவந்தாள். அவள் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வந்தது. ஒரு சிறுமியின் தலை வருகிற இடம்.

துடைப்பத்தோடு மாடிக்குப் போனாள். கஸ்தோனின் அக்கா கிளேர், கல்யாணம் செய்துகொள்ளாமல் குடும்பப் பெருமையைக் கட்டிக்கொண்டு வாழ்கிறவள், அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, காயம் எப்படி வந்துச்சு?”

“புதுசா கேக்குறியே. ஜெர்மன்காரன் இடிச்சது.”

“அண்ணி.”

கிளேர் துடைப்பத்தைப் பார்த்தாள், ஒதீலின் முகத்தைப் பார்த்தாள். உரித்த காயைத் திரும்ப உரிக்கத் தொடங்கினாள்.

“ஒரு கிராமத்து வளைவு. வேடிக்கை பாக்க ஜனம் ரோட்டுலயே நிக்கும் அப்பல்லாம், கயிறு கட்ற வழக்கமெல்லாம் கிடையாது. புழுதிக்குள்ள ஏதோ பட்டுச்சு. ஓட்டினவன் என்ன அதுன்னு கேட்டான். எங்க கொள்ளுத்தாத்தா திரும்பிப் பாத்தாரு. திரும்பிப் பாக்குறதுதானே இவர் வேலை. பாத்துட்டு, ‘கோழி’ன்னாரு.”

“கோழியா?”

“கோழி நெறய அடிபடும் அந்தப் பந்தயத்துல.”

“தெரிஞ்சே சொன்னாரா?”

“நின்னா பின்னால வர்றவன் முந்திடுவான். அது ஒண்ணு. இன்னொண்ணையும் யோசி. நின்னு இறங்கியிருந்தா ஊர்க்காரன் யாரை அடிச்சிருப்பான்? வெள்ளைக்காரனையா? பக்கத்துல கறுப்பா உக்காந்திருந்த எங்க ஆளையா?”

கறுப்பாய் இருந்தவரைத்தான் அடித்திருப்பார்கள் என்பது ஒதீலுக்கும் தெரிந்தது. ஆனால் அது தெரிந்ததில் அவமானம் ஒரு குன்றிமணி அளவுகூடக் குறையவில்லை என்பதையும் கவனித்தாள்.

“அப்புறம் எதுக்கு வண்டியைப் பரிசா குடுத்தாங்க?”

“பேப்பர்ல வந்து ஓட்டினவனுக்கு விஷயம் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் அவன் ஓட்டவே இல்ல, பட்டறையும் படுத்துடுச்சு. பரிசு இல்லடி ஒதீல். எங்க கண்ணுல படாத தூரத்துக்கு இதை எடுத்துக்கிட்டுப் போயிடுன்னு சொன்னாங்க. கப்பல்ல ஏத்திக் கொண்டுவந்தாரு.”

“உங்க தம்பிக்குத் தெரியுமா?”

“எங்கப்பா சாகும்போது எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டு வச்சுத்தான் சொன்னாரு.”

கஸ்தோன் கூடத்தில் வேட்டிக்குக் கரை பார்த்துக்கொண்டிருந்தார். தெரிந்துவிட்டது என்பதை மனைவி நிற்கிற நிலையிலேயே தெரிந்துகொண்டு, வேட்டியை மடித்தார்.

“ஒரு குடும்பத்துக்குப் பெருமைப்பட ஏதாவது ஒண்ணு வேணும்ல ஒதீல்” என்றார், ரொம்ப மெதுவாக.

“அதை என்னைத் துடைக்க வச்சீங்க.”

“வேற யார் துடைப்பா?”

“என் முந்தானையால துடைச்சேன். முத்தம் குடுத்தேன் அதுக்கு. என்கூடப் படிச்சவளுங்களை எல்லாம் கூட்டிட்டு வந்து இங்க பாரு எங்க வீட்டுக் காயம்னு காட்டினேன்.” அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது; ஆனால் கடைசியில் வரவேண்டிய ஊசி வரவில்லை. “அந்தச் சின்னக் குழந்தையைக் கொண்டாந்து அங்க படுக்க வைக்கப் போறாங்க. தெரியுமில்ல?”

“நம்பிக்கையோட வர்றாங்க. நல்லதுதானே நடக்குது. நீ சும்மா இரு, அது போதும்.”

சும்மா இருப்பதும் ஒரு பதில்தான் என்று ஒதீலுக்கு அன்று சமையல்கட்டில் நிற்கும்போது உறைத்தது. என்ன அது என்று தெரு கேட்கிறது. திரும்பிப் பார்த்தவள் அவள் ஒருத்தி. அவள் பேசாமல் இருந்தால், நூறு வருஷத்துக்கு முந்தி அந்த ஒல்லி மனிதர் சொன்ன அதே சொல்லை அவளும் சொன்னதாக ஆகும்; அதுவும் அவரை மாதிரி அடிக்குப் பயந்து அல்ல, கேட்டருகே நின்று வாங்குகிற வணக்கம் போய்விடுமோ என்று பயந்து. இந்த நினைப்பு வந்ததும் அவளுக்குத் தன் விரல்களைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அரிசியை வேறொருத்தியின் கை களைவது போல அவள் பாட்டுக்குக் களைந்தாள்.

திருநாளன்று மத்தியானம் புழுதி வழக்கம் போல வந்து, வழக்கம் போல இறங்கியது. எல்லார் தலையிலும் வெள்ளை. வரிசையில் வந்து காயத்தைத் தொட்டவர்கள் நெற்றியில் எண்ணெய் மினுங்க நின்றார்கள். நாதஸ்வரம் ஓய்ந்தது. மங்கையர்க்கரசி, பட்டுப்புடவையில், பேத்தியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, முகமெல்லாம் பல்லாக, கொட்டகைக்குள் வந்து மண்டி போட்டாள்.

“கிடத்தாதே” என்றாள் ஒதீல்.

“ஏன் மதாம், தரை ஈரமா இருக்கா?”

“அது சாமி இல்ல மங்கை. அது ஒரு பிள்ளை. வேடிக்கை பாக்க ரோட்டுக்கு வந்த பிள்ளை. இந்த வண்டி அடிச்சுப் போட்டது.”

“ஒதீல், உள்ள போ” என்றார் கஸ்தோன்.

“வெளியதான் நிப்பேன். ஜெர்மன் வண்டி எதுவும் இடிக்கல. காயம் அந்தப் பிள்ளை தலை பட்ட இடம். எங்க வீட்டு ஆள் திரும்பிப் பாத்தாரு, பாத்துட்டு கோழின்னு சொன்னாரு, வண்டி நிக்காமப் போயிடுச்சு. நாங்க அதுக்கு எண்ணெய் தடவி உங்களையெல்லாம் தொட வச்சோம். அந்தப் பிள்ளை பேர்கூடத் தெரியாது. எங்க வீட்ல யாரும் கேட்டு வச்சிக்கல.”

அவள் திட்டை எதிர்பார்த்தாள். மங்கையர்க்கரசி வாயைத் திறந்து தெருவே அதிரத் திட்டியிருந்தால் ஒதீல் அவள் காலில் விழுந்திருப்பாள். மங்கையர்க்கரசி திட்டவில்லை. பேத்தியை மார்போடு அணைத்து, முந்தானையால் தலையை மூடி, மண்டி போட்ட இடத்திலிருந்து மெல்லப் பின்னுக்கு நகர்ந்தாள். சுகந்தி வந்து மாமியாரின் தோளைப் பிடித்துக்கொண்டாள். சொல்தா தொப்பியைக் கழற்றினார். கஸ்தோன் சுவரைப் பார்த்து நின்றார். மாடியில் கிளேரின் ஜன்னல் சாத்தப்பட்டது. மற்றவர்கள் எல்லாம், பைக் வாங்கினவர்களும் பரீட்சை பாஸ் பண்ணினவர்களும் தாலி கட்டிக்கொண்டவர்களும், குனிந்து அவரவர் ஆட்காட்டி விரலைப் பார்த்தார்கள். ஒருவர் தன் நெற்றியைப் புறங்கையால் துடைத்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரும். பிறகு தெருவே துடைத்தது, சத்தமில்லாமல், ஒருவரை ஒருவர் பார்க்காமல்.

யாரும் போகவுமில்லை. அதுதான் ஒதீலுக்குத் தாங்கவில்லை.

அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டையை உருவி எறிந்தாள். மாலையைப் பிய்த்துப் போட்டாள். அந்தச் சிவப்புத் தரையை மிதிக்காமல், பக்கவாட்டில் நின்று, முன்பக்கப் பித்தளை விளிம்பில் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். வண்டி முனகியது. அசையவில்லை. மறுபடி தள்ளினாள். அவள் தோள்பட்டையில் பித்தளையின் பச்சைக் கறை ஏறியது. மூச்சு வாங்க நிமிர்ந்து, கேட்டருகே குவிந்து நின்ற அத்தனை வெள்ளைத் தலைகளையும் பார்த்தாள்.

“கொஞ்சம் பின்னால தள்ளினாப் போதும்” என்றாள். “பிள்ளை கால் மேல நிக்குது. யாராவது வந்து ஒரு கை பிடிங்களேன்.”